லைன்மேனைத் திட்டுவதற்கு முன்: நியூயார்க் ஜெயன்ட்ஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஜெயன்ட்ஸ் ரசிகர்களுக்கு,

வணக்கம். பத்து வருடத்துக்கு மேலாக நமக்குள் ஒரே சண்டைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவரைக் காக்க முன்னால் நிற்கும் ஐந்து பேர்தான் லைன். அந்த லைன்மேன்களில் ஒருவர் தடுமாறுவார், நம் குவாட்டர்பேக் தரையில் கிடப்பார், அடுத்த நிமிடமே நாம் இரண்டாகப் பிரிந்துவிடுவோம். ஒரு பக்கம், "இவனை உட்கார வை, இவனைத் தேர்ந்தெடுத்தவனையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பு" என்று கத்தும். மறுபக்கம், "தினமும் பக்கத்தில் நின்று பார்க்கிற பயிற்சியாளருக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது?" என்று பதிலுக்குக் கத்தும். நம் லைனில் எரெக் ஃபிளவர்ஸ் இருந்தபோது இதே சண்டை. ஆண்ட்ரூ தாமஸின் முதல் வருடத்திலும் இதே சண்டை. இவான் நீல் விஷயத்தில் அது எல்லை மீறியே போய்விட்டது.

இரண்டு பக்கமும் தவறான இடத்தைப் பார்த்துக் கத்துகிறோம் என்று எனக்குப் படுகிறது, அதனால்தான் இந்த மடல். தடுமாறும் ஒரு லைன்மேன் தேறுவாரா மாட்டாரா என்பது, அவருக்கு யார் சொல்லித்தருகிறார்கள், எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள், எத்தனை நாள் ஒரே ஆளிடம் விட்டுவைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் முடிவாகிறது. ஆகவே பயிற்சியாளரை நம்பலாமா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. இந்தப் பயிற்சியாளர் இதற்கு முன் எந்த லைன்மேனைத் தேற்றிக் காட்டியிருக்கிறார் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

2023 அக்டோபர் 2, திங்கள் இரவு ஆட்டம், சியாட்டில் சீஹாக்ஸ் மெட்லைஃப் மைதானத்துக்கு வந்திருந்த நாள், உங்களுக்கு மறந்திருக்காது. 24-3 என்று தோற்றோம். அன்று மட்டும் 11 சாக். பந்தை எறிவதற்குள் குவாட்டர்பேக்கைச் சாய்த்துவிடுவதுதான் சாக். மைதானம் முழுக்க எழுந்த கூச்சலில் பெரும்பகுதி, லைனின் வலது ஓரத்தில் நிற்கும் ரைட் டேக்கிள் இவான் நீலின் மேல் விழுந்தது. இரண்டு நாள் கழித்து அவர் ஒரு நிருபரிடம், ஆட்டின் கருத்தைப் பற்றிச் சிங்கம் ஏன் கவலைப்பட வேண்டும், என்னை விமர்சிப்பவர் எங்கேயோ ஹாட் டாக்கும் பர்கரும் புரட்டிப் போடுகிறவராகத்தானே இருப்பார் என்கிற மாதிரி பேசிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. அந்த மைதானத்துக்கு டிக்கெட் வாங்கி வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படி உழைத்துச் சம்பாதிக்கிறவர்கள்தான். அவரும் உடனே பகிரங்கமாக மன்னிப்பு கேட்டார். அப்போது அவருக்கு வயது 23. இவ்வளவு நாள் கழித்தும் நம்மில் பலர் அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அவரைப் பற்றிப் பேசுகிறோம், அவர் எப்படி அந்த நிலைமைக்கு வந்தார் என்று பேசுவதில்லை.

அந்த 11 சாக்கையே கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அதில் இரண்டு சியாட்டிலின் டெவன் விதர்ஸ்பூன் அடித்தது. அவர் கார்னர்பேக். பின்னால் நின்று, பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரைக் காவல் காக்க வேண்டியவர் பிளிட்ஸாக ஓடிவந்து குவாட்டர்பேக்கைச் சாய்க்கிறார் என்றால், அதைக் கவனித்திருக்க வேண்டியது யார்? ஸ்னாப்புக்கு முன், அதாவது பந்து கைமாறி ஆட்டம் தொடங்கும் முன், பாதுகாப்பை மாற்றிச் சொல்ல வேண்டிய, லைனின் நடுவில் நிற்கும் சென்டரா, குவாட்டர்பேக்கா, பந்தை வாங்கி ஓடுவதற்காகப் பக்கத்தில் நின்ற ரன்னிங் பேக்கா, அல்லது அந்த ஆட்டத்திட்டத்தை வகுத்தவரா? அன்று லெஃப்ட் டேக்கிள் ஆண்ட்ரூ தாமஸ் காயத்தால் வெளியே. ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லியும் வெளியே. சென்டர் ஜான் மைக்கேல் ஷ்மிட்ஸ் அறிமுக வீரர், அவரும் ஆட்டத்தின் நடுவிலேயே காயம்பட்டு வெளியேறினார். இதெல்லாம் சேர்ந்து நடந்த ஒரு இரவை ஒரு ஆளின் சட்டை எண்ணில் ஒட்டிவிட்டோம்.

இங்கேதான் "பயிற்சியாளரை நம்பு" என்கிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவே மாட்டேன். லைனில் நிற்கும் ஐந்து பேரும் ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் ஒரு ஏற்பாட்டோடு நிற்கிறார்கள். சில நேரம் ஆளுக்கு ஆள். சில நேரம் மொத்த லைனும் ஒரு பக்கமாக நகர்ந்து, எதிரே ஆள் யார் என்று பார்க்காமல் ஆளுக்கொரு இடைவெளியை அடைக்கும். டேக்கிள் வெளிப்பக்கம் ஒதுங்கிப் போய், எதிராளி உள்பக்கமாக நுழைந்து சாக் அடித்தால், டிவியில் பார்க்கும் நமக்கு டேக்கிள் ஏமாந்துவிட்டார் என்றுதான் தெரியும். ஆனால் உள்பக்கம் கார்டு, அதாவது டேக்கிளுக்கும் சென்டருக்கும் நடுவில் நிற்பவர், இருப்பார், நீ வெளியே விடாதே என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட வேலையாக இருக்கலாம். எதிரணியின் இரண்டு பேர் குறுக்கும் நெடுக்குமாக இடம் மாற்றிக்கொண்டு வரும் ஸ்டண்டில் இது இன்னும் மோசம். கார்டு ஆளைக் கைமாற்றிவிட ஒரு நொடி தாமதித்தால் டேக்கிள்தான் கேலிக்கு ஆளாவார். 22 பேரும் தெரிகிற உயரக் கோணக் காட்சிகள் இப்போது நமக்கும் கிடைக்கின்றன, மதிப்பெண் போடும் நிறுவனங்களும் இருக்கின்றன. ஆனால் அந்த ஸ்னாப்பில் உள்ளே என்ன சொல்லப்பட்டது என்பது அந்த அறையில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். எந்த சாக் யாருடைய தவறு என்பதில் பயிற்சியாளரின் சொல்லை நம்புவதுதான் சரி. குவாட்டர்பேக் பந்தை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதும் இந்தக் கணக்கில் வரும். அதே 2023-இல் நம் இன்னொரு குவாட்டர்பேக் டாமி டெவிட்டோ வாஷிங்டனில் 9 சாக் வாங்கிய ஆட்டத்தை நாம் 31-19 என்று ஜெயித்தோம். ஒன்பது தடவையும் லைன் உடைந்து நொறுங்கியிருந்தால் 31 புள்ளி எங்கிருந்து வந்திருக்கும்?

சரி, அந்த சீசன் முழுக்க 85 சாக். இந்த லீகின், அதாவது என்எஃப்எல்லின், வரலாற்றிலேயே அதைவிட அதிகம் வாங்கிய அணி ஒன்றே ஒன்று, 1986-இன் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், 104. இவ்வளவு பெரிய சரிவுக்குப் பிறகு யாரையும் கேள்வி கேட்காமல் பயிற்சியாளரை நம்பு என்பதும் முடியாத காரியம். எதை நம்புவது, எதைக் கேட்பது என்று நமக்குத் தெளிவு வேண்டும், அதற்கு நம் அணியின் கதையையே எடுத்துப் பார்க்கலாம்.

எரெக் ஃபிளவர்ஸ். 2015 டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாக எடுத்துக்கொள்ளும் தேர்வில், ஒன்பதாவது ஆள். அவரை ரைட் டேக்கிளாக வைத்துப் பழக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு. அந்த மே மாதம் லெஃப்ட் டேக்கிள் வில் பீட்டி எடைப் பயிற்சியில் மார்புத் தசை கிழிந்து வெளியேற, 21 வயதுப் பையனை முதல் வாரத்திலிருந்தே லெஃப்ட் டேக்கிளில், அதாவது குவாட்டர்பேக்கைச் சாய்க்கப் பாயும் பாஸ் ரஷர்களில் லீகின் மிக வேகமானவர்கள் வரும் பக்கத்தில், நிறுத்திவிட்டார்கள். கை அகலமாகப் போகும், கால் ஒழுங்காக வராது, இரண்டுமே எல்லோருக்கும் தெரிந்த குறைகள். மூன்று வருடம் அதே இடம், அதே குறைகள். 2018-இல் நேட் சோல்டருக்குப் பெரிய பணம் கொடுத்து அழைத்துவந்து, ஃபிளவர்ஸை வலது பக்கம் தள்ளி, இரண்டே ஆட்டத்தில் உட்காரவைத்து, அக்டோபரில் விடுவித்துவிட்டார்கள். நாம் கைதட்டி அனுப்பினோம். அடுத்த வருடம் என்ன நடந்தது? வாஷிங்டனில் பில் கேலஹன் என்ற பழுத்த லைன் பயிற்சியாளர் அவரைக் கார்டாக மாற்றினார். 16 ஆட்டமும் லெஃப்ட் கார்டாக ஆடினார். அதைப் பார்த்து மயாமி டால்ஃபின்ஸ் 3 வருடத்துக்கு 3 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. பெரிய நட்சத்திரமாகவில்லைதான். ஆனால் இவன் இந்த லீகுக்கே லாயக்கில்லை என்று நாம் தீர்ப்பு சொன்ன ஆள், ஒரே கோடையில், ஒரு இடம் உள்ளே தள்ளி நிறுத்தியதும் உருப்படியான லைன்மேனாகிவிட்டார். கார்டாக நிற்பவர் வெளி ஓரத்தில் இருக்கும் அந்தத் திறந்தவெளியைக் காக்க வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் துணை உண்டு, உடல் வலிமைக்கு வேலை அதிகம். இது நம் பயிற்சியாளர்களுக்கு ஏன் மூன்றரை வருடமாகத் தோன்றவில்லை? அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் பயிற்சி அறையின் சாவி தேவையில்லை.

இதற்கு நேர் எதிரான கதை ஆண்ட்ரூ தாமஸ். 2020-இல் நான்காவது ஆளாக எடுத்தோம். அதே டிராஃப்டில் அவருக்குப் பின்னால் போன டேக்கிள்கள் ஜெட்ரிக் வில்ஸ், மெகாய் பெக்டன், டிரிஸ்டன் வர்ஃப்ஸ். முதல் பாதி சீசனில் தாமஸ் தடுமாறியபோது, நால்வரில் மோசமானவரை எடுத்துவிட்டோம் என்று எத்தனை பேர் எழுதினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்த வருட நவம்பரில் லைன் பயிற்சியாளர் மார்க் கொலம்போ நீக்கப்பட்டு டேவ் டிகூலியெல்மோ வந்தார். 2021-இல் ராப் சேல். 2022-இல் பாபி ஜான்சன். மூன்று சீசனுக்குள் நான்கு வாத்தியார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு நான்கு பேர் மாறி மாறி வந்து, கையை இப்படி வை, இல்லை அப்படி வை, காலை முதலில் எடு, இல்லை கடைசியில் எடு என்று சொன்னால் எப்படி இருக்குமோ அப்படித்தான். அதையும் தாங்கிக்கொண்டு 2022-இல் ஆல்-ப்ரோ, அதாவது அந்த சீசனின் சிறந்த வீரர்கள் பட்டியலில், இரண்டாம் அணியில் இடம்பிடித்தார், 2023 கோடையில் 5 வருடத்துக்கு 11.75 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அவர் அபூர்வமான ஆள். எல்லோரும் ஆண்ட்ரூ தாமஸாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்து ஒரு அணியை நடத்த முடியாது.

2015-இலிருந்து எண்ணிப் பாருங்கள்: பேட் ஃபிளாஹர்ட்டி, மைக் சொலாரி, ஹால் ஹன்டர், கொலம்போ, டிகூலியெல்மோ, ராப் சேல், பாபி ஜான்சன், 2024-இல் கார்மென் பிரிசில்லோ. பத்து சீசனில் எட்டுப் பேர். பயிற்சியாளரை நம்பு என்கிறவர்களே, இதில் எந்தப் பயிற்சியாளரை? தலைமைப் பயிற்சியாளர் மாறும்போதெல்லாம் லைன் பயிற்சியாளரும் போகிறார், அவர் சொல்லித்தந்த கால் வைப்பும் கை வைப்பும் அவரோடு போய்விடுகின்றன, புதிதாக வருகிறவர் முதலிலிருந்து தொடங்குகிறார். நடுவில் மாட்டிக்கொள்வது அந்த லைன்மேன்.

நல்ல வாத்தியார் என்ன செய்வார் என்பதற்கு இந்த லீகில் சாட்சி நிறைய உண்டு. 2016 ஜனவரியில் டென்வரில் நடந்த ஏஎஃப்சி (லீகின் ஒரு பாதி) இறுதி ஆட்டத்தில் நியூ இங்கிலாந்தின் குவாட்டர்பேக் டாம் பிரேடி 20 தடவை அடி வாங்கினார். நியூ இங்கிலாந்து 20-18 என்று தோற்றது. அவர்களுடைய டேக்கிள் மார்கஸ் கேனனை டென்வரின் வான் மில்லர் படுத்தியபாடு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அன்றைக்கு அந்த அணியின் ஊரான பாஸ்டனில் ஒரு வாக்கெடுப்பு வைத்திருந்தால் கேனன் ஊரை விட்டே போயிருப்பார். அணி என்ன செய்தது? கேனனை வைத்துக்கொண்டது, லைன் பயிற்சியாளரை மாற்றி, ஓய்வு பெற்றுப் போயிருந்த டான்டே ஸ்கார்னெக்கியாவைத் திரும்ப அழைத்துவந்தது. அடுத்த சீசனில் அதே கேனன், ரைட் டேக்கிளாக, ஆல்-ப்ரோ இரண்டாம் அணி. அந்த சீசனின் சூப்பர் பவுலும், அதாவது லீகின் இறுதிப் போட்டியும், அவர்களுக்கே. அப்போது நீக்கப்பட்ட பயிற்சியாளர் யார் தெரியுமா? பின்னாளில் நம்மிடம் அரை சீசன் வேலை பார்த்த அதே டிகூலியெல்மோ. ஆனால் அவரை மட்டமாகப் பேசவும் எனக்கு மனமில்லை, ஏனென்றால் 2020-இன் பின்பாதியில் தாமஸ் தேறத் தொடங்கியது அவர் கைக்கு வந்த பிறகுதான். ஒரு பயிற்சியாளருக்கு ஒரு ஊரில் நடக்காதது இன்னொரு ஊரில் நடக்கலாம். நேரம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க நாம் விடவில்லை, அவ்வளவுதான்.

டென்வரின் கேரட் போல்ஸ் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 2017-இல் 20-ஆவது ஆள். எதிராளியைப் பிடித்து இழுத்ததற்காக ஆட்டத்துக்கு ஆட்டம் ஹோல்டிங் அபராதம், சொந்த மைதானத்திலேயே கூச்சல். 2020 மே மாதம் அவருடைய ஐந்தாம் வருட ஒப்பந்த உரிமையை அணியே வேண்டாம் என்று விட்டுவிட்டது. ஆனால் 2019-இலேயே மைக் மன்சாக் அங்கே லைன் பயிற்சியாளராக வந்திருந்தார். மன்சாக் தாமே கார்டாக ஆடி ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர். முதல் வருடம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வருடம் போல்ஸ் ஆல்-ப்ரோ இரண்டாம் அணி, சீசன் முடிவதற்குள் புது ஒப்பந்தம். அந்த முதல் வருடத்தோடு மன்சாக்கையும் அனுப்பியிருந்தால்? நம் அணியாக இருந்தால் அனுப்பியிருப்போம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், சொல்லவே கசக்கிறது, ஆனால் நம் பரம எதிரியான ஃபிலடெல்ஃபியாவைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. 2013-இல் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் அங்கே லைன் பயிற்சியாளராக வந்தார். தலைமைப் பயிற்சியாளர்கள் மாறினார்கள்: சிப் கெல்லி போனார், டக் பீடர்சன் வந்து போனார், நிக் சிரியானி வந்தார். ஸ்டவுட்லண்டை யாரும் அசைக்கவில்லை. 2018-இல் ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்த, அதுவரை அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றில்கூட இறங்கியிராத ஜோர்டன் மைலாட்டாவை ஏழாம் சுற்றில் எடுத்தார்கள். இரண்டு வருடம் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2019-இல் முதல் சுற்றில் ஆண்ட்ரே டில்லார்டை, எதிர்கால லெஃப்ட் டேக்கிள் என்று சொல்லியே எடுத்தார்கள். 2021 பயிற்சி முகாமில் இருவரும் மோதினார்கள், மைலாட்டா வென்றார், முதல் சுற்று ஆள் பெஞ்சுக்குப் போனார். டிவியில் வீரர்கள் தங்கள் கல்லூரிப் பெயரைச் சொல்லி அறிமுகமாகும் இடத்தில் மைலாட்டா "ஜெஃப் ஸ்டவுட்லண்ட் பல்கலைக்கழகம்" என்று சொல்வார். பொருத்தமான பெயர்.

ஆனால் இதில் நான் பார்க்கச் சொல்வது டில்லார்டை. ஸ்டவுட்லண்டாலும் எல்லோரையும் தேற்றிவிட முடியவில்லை. தேறாதவர் முதல் சுற்று ஆளாக இருந்தாலும் உட்காரவைத்தார்கள், அதுதான் விஷயம். ஒரு பயிற்சிக் குழுவின் தீர்ப்பை எப்போது நம்பலாம் என்று என்னைக் கேட்டால், அந்தத் தீர்ப்பு அவர்களுடைய சொந்தச் செலவுக்கு எதிராகவும் போகிறதா என்று பாருங்கள் என்பேன். விலை கொடுத்து வாங்கியவன் என்பதற்காகவே ஒருவனை ஒரே இடத்தில் நிற்கவைத்து அடிவாங்கவிட்டால் அங்கே தீர்ப்பு எதுவும் நடக்கவில்லை, வாங்கியது தப்பு என்று ஒத்துக்கொள்ள மனம் வராமல் நாள் கடத்துகிறார்கள்.

மெகாய் பெக்டனையும் பாருங்கள். தாமஸைவிட நல்லவர் என்று நம்மில் சிலர் 2020-இல் சொன்ன அதே பெக்டன். ஜெட்ஸில் முழங்கால் காயத்தால் இரண்டு சீசன் கிட்டத்தட்ட முழுமையாகப் போனது, டேக்கிளாக எடுபடவில்லை. 2024-இல் சொற்ப ஒப்பந்தத்தில் ஈகிள்ஸுக்குப் போனார். அங்கே ரைட் கார்டாக மாற்றினார்கள். 2025 பிப்ரவரியில் கான்சாஸ் சிட்டியை 40-22 என்று வீழ்த்தி சூப்பர் பவுல் மோதிரம் வாங்கினார். அதே லைனுக்குப் பின்னால் ஓடிய நம் பழைய சேக்வான் பார்க்லி அந்த சீசனில் 2,005 யார்டு. முந்தைய வருடம் நம்மிடம் 962. ஓடுகிறவர் அதே ஆள்.

இனி நீலின் கதையை இதன் பக்கத்தில் வையுங்கள். அலபாமாவில் முதல் வருடம் லெஃப்ட் கார்டு, இரண்டாம் வருடம் ரைட் டேக்கிள், மூன்றாம் வருடம் லெஃப்ட் டேக்கிள். பக்கம் மாறினால் பின்னால் வைக்கும் கால் மாறும், தள்ளும் கை மாறும், உடம்பு பழகிய எல்லாமே தலைகீழாகும். 2022-இல் ஏழாவது ஆளாக எடுத்து ரைட் டேக்கிளில் நிறுத்தினோம். முதல் வருடம் முழங்கால் காயம், இரண்டாம் வருடம் கணுக்கால், 2024 ஜனவரியில் அறுவை சிகிச்சை. அந்த மாதமே பாபி ஜான்சன் நீக்கம், பிரிசில்லோ வருகை. 2024-இல் ஜெர்மைன் எலுமுனோர் ரைட் டேக்கிளைப் பிடித்துக்கொள்ள, நீல் பெஞ்சில். தாமஸ் பாதத்தில் காயப்பட்ட பிறகு கடைசி வாரங்களில் திரும்ப ஆடினார். 2025-இல்தான், நான்காம் வருடத்தில்தான், கார்டாக முயன்று பார்த்தார்கள். கல்லூரியில் கார்டாக ஆடியிருக்கும் ஒருவரை! அதற்குள் ஐந்தாம் வருட உரிமையும் விடப்பட்டுவிட்டது, நம்பிக்கையும் போய்விட்டது, யாரிடம் நிரூபிப்பது? 2023 முடிந்ததுமே உள்ளே மாற்றியிருந்தால் தேறியிருப்பாரா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஃபிளவர்ஸ் விஷயத்தில் செய்த தாமதத்தையே ஏழு வருடம் கழித்து அதே அணி திரும்பச் செய்தது என்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

நம் அணிக்கும் இந்த வித்தை தெரியாமலில்லை. 2007 லைனை நினைத்துப் பாருங்கள். டேவிட் டீல் ஐந்தாம் சுற்று. ரிச் சூபர்ட்டையும் ஷான் ஓஹாராவையும் டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. கிறிஸ் ஸ்னீ இரண்டாம் சுற்று. கரீம் மெக்கென்சி ஜெட்ஸிலிருந்து வந்தவர். முதல் சுற்று ஆள் ஒருவர்கூடக் கிடையாது. அந்த வருடம் கார்டாக இருந்த டீலை லெஃப்ட் டேக்கிளுக்கு மாற்றியது தலைமைப் பயிற்சியாளர் டாம் காஃப்லினும் லைன் பயிற்சியாளர் ஃபிளாஹர்ட்டியும் எடுத்த முடிவு, வெளியிலிருந்து பார்க்க அது பெரிய ஆபத்து. 18-0 என்று வந்த நியூ இங்கிலாந்தை 17-14 என்று வீழ்த்திய சூப்பர் பவுல் இரவில் நம் குவாட்டர்பேக் ஈலை மேனிங்கின் இடது பக்கத்தைக் காத்தவர் அவர்தான். ஃபிளாஹர்ட்டி 2004-இலிருந்து 2015 வரை ஒரே இடத்தில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் பயிற்சியாளரை நம்பு என்று யாராவது சொன்னால் எனக்கு எந்த மறுப்பும் இருந்திருக்காது. அவர் சம்பாதித்த நம்பிக்கை அது.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள், இன்றைய லைன் பயிற்சியாளர்களின் வேலை முன்பைவிடக் கடினம். லீகும் வீரர்கள் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு சீசன் நடக்கும்போது முழுக் கவசத்தோடு 14 பயிற்சிகள்தான் நடத்தலாம், முகாமில் ஒரே நாளில் இரண்டு முறை கவசத்தோடு மோதும் வழக்கமும் போய்விட்டது. வீரர்களின் உடம்புக்கு அது நல்லதுதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் கைவைப்பும் எடை தாங்குவதும் நிஜமாக மோதித்தான் பழக வேண்டியவை. கல்லூரியிலோ பல அணிகள் பந்தைச் சட்டென்று விட்டுவிடும் ஆட்டமே ஆடுகின்றன, அங்கிருந்து வரும் பையன் நிதானமாக ஐந்து காலடி பின்வாங்கும் குவாட்டர்பேக்கை மூன்று நொடி காத்து நின்ற அனுபவமே அதிகமில்லாமல் வருகிறான். இந்த நிலைமையில் முதல் வருடத்திலேயே தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

ஆகவே கூச்சல் போடும் நண்பர்களே, அந்த 23 வயதுப் பையனை விட்டுவிடுங்கள். கோபம் நியாயமானது, விலாசம் தவறு. பயிற்சியாளரை நம்பச் சொல்லும் நண்பர்களே, உங்களிடம் எனக்குக் கொஞ்சம் கூடுதல் வருத்தம் உண்டு. உங்கள் பொறுமை நல்ல குணம், ஆனால் அந்தப் பொறுமையை வைத்து ஃபிளவர்ஸுக்கு மூன்றரை வருடம், நீலுக்கு மூன்று வருடம் என்று அணி நாள் கடத்தியது, நாம் கேட்காததால் யாரும் பதில் சொல்லவில்லை.

தலைமைப் பயிற்சியாளர் பிரையன் டேபால் 2025 நவம்பரில் போய்விட்டார். புதிய குழுவிடமாவது இனி நாம் கேட்க வேண்டியதைக் கேட்போம். தடுமாறுகிறவருக்கு ஆட்டத்திட்டத்தில் உதவி கொடுக்கிறீர்களா, அவர் பக்கத்தில் கூடுதல் தடுப்பாக டைட் எண்டை நிறுத்துகிறீர்களா, ரன்னிங் பேக் போகிற போக்கில் அந்த பாஸ் ரஷரை ஒரு இடி இடித்துவிட்டுப் போகிறாரா? இதையெல்லாம் நாம் கண்ணாலேயே பார்க்கலாம், இதில் ரகசியம் ஒன்றுமில்லை. செப்டம்பரில் செய்த அதே கால் தவறு டிசம்பரிலும் இருக்கிறதா? இருந்தால் சொல்லித்தருபவரிடம்தான் கேட்க வேண்டும். இடம் மாற்றிப் பார்க்க எத்தனை நாள் எடுத்துக்கொள்வீர்கள்? முதல் சுற்று ஆளை மூன்றாம் சுற்று ஆள் முகாமில் வென்றால் உண்மையாகவே அவரை ஆடவைப்பீர்களா?

அணியின் உரிமையாளர்களான மாரா, டிஷ் குடும்பங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று தனியாக இருக்கிறது, இந்த மடலில் எனக்கு மிக முக்கியமானதும் அதுதான். நல்ல லைன் பயிற்சியாளர் ஒருவர் அமைந்துவிட்டால், தலைமைப் பயிற்சியாளர் போனாலும் அவரைப் போகவிடாதீர்கள். புதிதாக வருகிறவரிடம், உன் ஆட்களை எல்லாம் அழைத்துவா, ஆனால் லைன் அறை மட்டும் அப்படியே இருக்கும் என்று நிபந்தனை போடுங்கள். ஃபிலடெல்ஃபியாவில் அதைச் செய்தார்கள், இரண்டு சூப்பர் பவுல் வென்றார்கள். நம்மிடம் சீசன் டிக்கெட் இருக்கிறது, குரல் இருக்கிறது, அந்த மைதானத்தை நிரப்புகிறவர்கள் நாம். அடுத்த முறை அணி நிர்வாகம் சீசன் டிக்கெட்காரர்களிடம் கருத்து கேட்டு மின்னஞ்சல் அனுப்பும்போது வாகன நிறுத்தம், உணவு விலை பற்றி எழுதும் இடத்தில் இதையும் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு நிற்கும் ஒரு ஜெயன்ட்ஸ் ரசிகன்